ட்ரெட்மில்லுக்கு டாட்டா சொல்லலாமா? பார்பெல் காம்ப்ளெக்ஸ்... என்ன, ஏன், யாருக்கு?

மாலை 7 மணிக்கு ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ட்ரெட்மில் இருப்பது மூன்று. அதில் ஒன்று ரிப்பேர். மற்ற இரண்டிலும் ஆள். ஒன்பது மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, 45 நிமிடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிற என்னைப் போன்றவர்கள், "கார்டியோவை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று டம்பெல் பக்கம் நகர்ந்துவிடுவோம். அந்த நாளை வருவதே இல்லை.

அப்படி ஒருநாள் நகர்ந்தபோதுதான் எங்கள் ஜிம் மாஸ்டர் ஒரு பார்பெல்லைக் காட்டி, "இதை வச்சே உன்னை ஓட விடறேன் தம்பி, வா" என்றார். வெறும் பார் போதும் என்று அவர் சொன்னதைக் கேட்காமல், பக்கத்துக்கு 10 கிலோ தட்டு மாட்டி 40 கிலோ ஆக்கினேன். மூன்றாவது பயிற்சியில் பார் தலைக்கு மேலே போகவே இல்லை. அவர் ஒன்றும் பேசாமல் தட்டுகளைக் கழற்றினார். வெறும் 20 கிலோ பாரில் இரண்டாவது ரவுண்டு முடிந்தபோது, எனக்குப் பேச மூச்சு இல்லை.

அது என்ன காம்ப்ளெக்ஸ்?

ரொம்ப சிம்பிள். ஒரே பார்பெல், ஒரே எடை, ஐந்தாறு பயிற்சிகள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. கடைசி வரை பாரைக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால்தான் ஒரு ரவுண்டு முடிந்ததாகக் கணக்கு.

இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் இஸ்த்வான் ஜாவோரெக். ருமேனியாவைச் சேர்ந்த பளுதூக்கும் பயிற்சியாளர், பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர். பளுதூக்கும் வீரர்களுக்கு மட்டுமல்ல, மற்ற விளையாட்டுக்காரர்களுக்கும் இதைக் கொண்டுபோனார். அவர் பெயரிலேயே அழைக்கப்படும் முதல் காம்ப்ளெக்ஸில் ஐந்து பயிற்சிகள், ஒவ்வொன்றும் 6 முறை.

ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பயிற்சி, தலா 6 முறை என்றால் ஒரு ரவுண்டுக்கு 30 முறை. 20 கிலோ பார் என்றால் 600 கிலோ. நான்கு ரவுண்டில் 2,400 கிலோ. வெறும் பார்தானே என்று நினைத்தது இப்போது வேறு மாதிரித் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. பைசெப்ஸ் அடிக்கும்போது வேலை செய்வது சின்னத் தசை. ஒரு செட் முடிந்ததும் ஓய்வு. இங்கே தொடை, இடுப்பு, முதுகு, தோள் என்று பெரிய தசைகள் மாறி மாறி ஆக்ஸிஜன் கேட்கின்றன. இடையில் ஓய்வே கிடையாது. இதயமும் நுரையீரலும் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். அதுதான் அந்த மூச்சு.

அப்போ, இது கார்டியோதானா?

என் கருத்து: ஆமாம், ஆனால் பாதி.

"இனிமேல் நடக்கவே வேண்டாம், 12 நிமிட காம்ப்ளெக்ஸ் போதும்" என்று ரீல்ஸில் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. வாட்ச் 160 காட்டுகிறது என்பதற்காக, ஓடும்போது வரும் 160-ம் பார் தூக்கும்போது வரும் 160-ம் ஒன்றாகிவிடாது. ஓட்டத்தில் ரத்தம் தாராளமாக இதயத்துக்குத் திரும்பி வருகிறது; இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளிப் பழகுகிறது. பாரை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறுகிறது. இதயத் துடிப்பு கூடுவதில் அந்த இறுக்கத்துக்கும் பங்கு உண்டு. போதாக்குறைக்கு, மணிக்கட்டை மடக்கிப் பாரைப் பிடிக்கும்போது வாட்ச் காட்டும் எண்ணையே முழுசாக நம்ப முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமான உடற்பயிற்சி தேவை என்கிறது. வாரத்தில் மூன்று நாள், தலா 12 நிமிடம் காம்ப்ளெக்ஸ் செய்தால் மொத்தம் 36 நிமிடம். அதிலும் பாதி ஓய்வு. மீதியை நடந்துதான் ஈடுகட்ட வேண்டும். அதே வழிகாட்டுதல் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் காம்ப்ளெக்ஸ் நிச்சயம் உதவும்.

ஆனால் ஒன்று. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடும் 40 நிமிட ட்ரெட்மில்லைவிட, இன்றைக்குச் செய்யும் 12 நிமிடம் மேல். இதை நான் அடித்துச் சொல்வேன்.

எப்படி ஆரம்பிப்பது?

முதலில் ஒவ்வொரு பயிற்சியையும் தனித்தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். நல்ல மாஸ்டர் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு இந்த வரிசை:

1. ஹேங் கிளீன் – 6
2. ஃப்ரண்ட் ஸ்குவாட் – 6
3. ஓவர்ஹெட் பிரஸ் – 6
4. பென்ட் ஓவர் ரோ – 6
5. ரொமேனியன் டெட்லிஃப்ட் – 6

டெக்னிக் அதிகம் தேவைப்படும் கிளீன் முதலில் வருவது சும்மா இல்லை. களைத்த பிறகு அதைச் செய்தால்தான் முதுகு மாட்டும். ஒரு ரவுண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்; பிறகு 2 நிமிடம் ஓய்வு. மொத்தம் நான்கு ரவுண்டு. முதல் வாரம் இரண்டே போதும்.

எடை எவ்வளவு? ஐந்தில் உங்களுக்கு எது பலவீனமோ, அதுதான் முடிவு செய்யும். பலருக்கு அது ஓவர்ஹெட் பிரஸ். ஸ்குவாட்டில் 80 கிலோ போடுகிறவரும் இங்கே வெறும் பாரில்தான் தொடங்க வேண்டும். 20 கிலோவே கனம் என்றால் 15 கிலோ பார் இருக்கிறது. முதுகு வளைய ஆரம்பித்தால் ரவுண்டு அங்கேயே முடிந்தது. எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்ற வீம்பு வேண்டாம்.

யார் யோசிக்க வேண்டும்?

ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை, டிஸ்க் தொந்தரவு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். "கொஞ்சம் தாங்கிக்கோ ப்ரோ" என்கிற அட்வைஸ் அந்த இடத்தில் செல்லாது.

டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பதால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஜிம்மில் மயங்கி விழுந்த இளைஞர்' என்ற தலைப்பை நானே எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு செய்தி வந்தால் இரண்டு விஷயம் நடக்கிறது. வீட்டில் அம்மா "ஜிம்மே வேண்டாம்டா" என்கிறார். ஜிம்மில் இருப்பவர்களோ "அவன் தப்பா பண்ணியிருப்பான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த தட்டை மாட்டுகிறார்கள். இரண்டுமே தப்பு. பயந்து உட்கார்ந்தே இருப்பதும் இதயத்துக்கு நல்லதல்ல. வீம்புக்கு எடை ஏற்றுவதும் நல்லதல்ல.

நான் இப்போதும் வாரத்தில் மூன்று நாள் வெறும் பாரோடுதான் நிற்கிறேன். மற்ற நாட்களில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறேன். தட்டு மாட்டலாமா என்று போன வாரம் கேட்டேன். மாஸ்டர் சொன்னது: "நாலு ரவுண்டு முடிச்சுட்டு, இதே கேள்வியை மூச்சு வாங்காம கேளு. அப்புறம் பார்க்கலாம்."