பிரிக்காத எஞ்சின் பெருமையா?

மாசிமோ தம்புரினி வடிவமைத்த டுகாட்டி 916-ஐப் பார்த்து ஏங்காதவர் உண்டா? அதன் தம்பி போலவே 1994-ல் வந்தது கஜீவா மீட்டோ எவல்யூசியோனே. வெறும் 125 சிசி டூ ஸ்ட்ரோக், ஆனால் ஏழு கியர் (ஆமாம், ஏழு!). வாலன்டினோ ரோஸ்ஸி 1994-ல் இத்தாலிய ஸ்போர்ட் ப்ரொடக்ஷன் பட்டம் வென்றதும் மீட்டோவில்தான்.

இன்று இதை விற்பவர்கள் சிலர், "எஞ்சினைப் பிரித்ததே இல்லை, எல்லாம் ஒரிஜினல்" என்று பெருமையடிக்கிறார்கள். கேட்பவர் பயப்படத்தான் வேண்டும்! டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனும் ரிங்கும் பிரேக் ஷூ மாதிரி தேய்கிற சாமான்கள். கணக்குப் புத்தக பாஷையில் சொன்னால் அவை சொத்தல்ல, செலவு. சிலிண்டரின் உள்சுவரில் இருப்பது நிக்கசில் பூச்சு. தேய்ந்த பிஸ்டன் உடைந்து அதைக் கீறிவிட்டால், சாதாரண இரும்பு சிலிண்டர் போல போர் அடித்துச் சமாளிக்க முடியாது, மறுபடி பூச்சு போட வேண்டும். பிஸ்டனில் மிச்சம் பிடித்தவர் சிலிண்டருக்கு அழுவார்.

காசு போனால் போகட்டும். ஓட்டத்தில் எஞ்சின் பிடித்தால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும், கிளட்சை அழுத்த ஒரு நொடி தாமதித்தால்...? இத்தாலியில் 16 வயதிலேயே 125 ஓட்டலாம். அந்த வயதுப் பையன்களை நம்பிச் செய்த வண்டி இது!

இதில் சைலன்சரை மட்டும் மாற்றி, கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை அப்படியே விடும் வீரர்கள் வேறு. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் பிஸ்டன் சூடேறாமல் என்ன செய்யும்? இறுகிப்போன கிராங்க் சீலும் இதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். வெகுநாள் நின்ற வண்டியென்றால், அந்த சீலையும் ஆயில் பம்பையும் பார்க்காமல் ஸ்டார்ட்டரில் கை வைக்கவே கூடாது.