ஒளியும் சுடும்



கர்ப்பிணியின் வயிற்றில் ஸ்கேன் எடுத்துக் குழந்தையைக் காண்பது இன்று ஊரறிந்த வழக்கம். அது ஒலியலையால் வரையப்படும் படம். உருவம் தெரியும், உயிரணு தெரியாது. ஓர் அணு பல்லாயிரமாகப் பெருகுகையில் எது இதயமாகிறது, எது முதுகுத்தண்டாகிறது என்று காண நுண்ணோக்கியே வேண்டும். இடர்ப்பாடும் அங்கேதான். நுண்ணோக்கிக்கு ஒளி தேவை. மிகுந்த ஒளியோ வளரும் கருவைக் கொன்றுவிடும். பழைய கருவிகளில் ஓரடுக்கைப் படமெடுக்க முழுக் கருவும் ஒளியில் நனையும். நூறு அடுக்கு என்றால் நூறு முறை!

2004-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தைச் சார்ந்த யான் ஹுயிஸ்கன், எர்ன்ஸ்ட் ஸ்டெல்சர் குழுவினர் இதற்கு வழி கண்டனர். லேசர் ஒளியை மெல்லிய தகடாக்கிப் பக்கவாட்டில் செலுத்தினர். ஓட்டு இடுக்கில் நுழையும் வெயிலில், அக்கதிர் படும் தூசு மட்டுமே மின்னுவதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வாறே அந்த ஓரடுக்கு மட்டும் ஒளிரும். ஏனைய பகுதி இருளில் பத்திரமாயிருக்கும். செங்குத்தாக நிற்கும் மற்றொரு வில்லை அதைப் படமெடுக்கும். பக்கவாட்டு ஒளி புதிய எண்ணமன்று. 1903-இலேயே சீடன்டாப்ஃப், சிக்மாண்டி இருவரும் கண்ணாடியிலுள்ள பொன் துகள்களைக் காண இதைக் கையாண்டனர். அது அத்தனை பழைய எண்ணம் என்பதுதான் கலை பயின்ற எனக்கு வியப்பு.

2008-இல் பிலிப் கெல்லர் குழுவினர் வரிக்குதிரை மீனின் கருவை முதல் 24 மணி நேரம் இம்முறையில் தொடர்ந்து பார்த்தனர். நம் துணைக்கண்டத்து ஓடைகளில் வாழும் சிறு மீன் அது. அதன் கரு கண்ணாடி போன்றது.

எலியின் கரு அத்தனை எளிதன்று. அது தாயின் கருப்பையில் வளர்வது. வெளியே எடுத்து உயிருடன் காக்க வேண்டும். வளர வளர இடமும் வடிவும் மாறும். 2018-இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் கேட் மெக்டோல், கெல்லர் முதலியோர், கருவின் அசைவுக்கேற்பத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் கருவி செய்து, ஏறத்தாழ இரண்டு நாள் அதைக் கண்காணித்தனர். இதயமும் நரம்புக் குழாயும் உருவாகும் பருவம் அது.

அந்த நரம்புக் குழாய் சரியாக மூடாவிடின் குழந்தை முதுகெலும்புக் குறையுடன் பிறக்கலாம். மனிதக் கருவில் அது மூடிக்கொள்வது நான்காம் வார முடிவிற்குள். தாய்க்குத் தான் கருவுற்ற செய்தியே பலவேளை அப்போது தெரிந்திராது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குமாறு மருத்துவர்கள் கூறுவது அதனால்தான்.