வீட்டு மனையில் ஆட்டுக்கொட்டகை: விதிவிலக்கு கிடைக்குமா?

கேள்வி: தருவைக்குளம் பக்கம், மனைப்பிரிவில் 5 சென்ட் வாங்கி வீடு கட்டியிருக்கிறோம். வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறார். 12 கன்னி ஆடுகளை நான் பார்க்கிறேன். 2023 வெள்ளத்தில் 7 ஆடு செத்துப் போனதால், கிழக்கு வேலியை ஒட்டி மேடான இடத்தில் பரண் கொட்டகை போட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுத்து, ஊராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. விதிவிலக்கு வாங்க முடியுமா, இல்லை பிரிக்கத்தான் வேண்டுமா? மனையின் படம் வரைந்து அனுப்பியுள்ளேன்.
- ஒரு வாசகி

பதில்: முதலில் வேலையை நிறுத்துங்கள் அம்மா. நோட்டீசில் சொன்ன நாளுக்குள் எழுத்து மூலம் பதில் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தலைவரோ உறுப்பினரோ "நான் பார்த்துக்கிறேன்" என்று வாயால் சொல்வது நாளைக்கு நிற்காது.

உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, குடியிருப்பு மனையில் ஆடு வளர்க்கலாமா என்பது. மற்றது, வேலியை ஒட்டிக் கட்டலாமா என்பது. மனு வேலியைப் பற்றித்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி எல்லையிலிருந்து இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும். எத்தனை அடி என்பது உங்கள் வீட்டுக்கு அனுமதி வாங்கிய வரைபடத்திலேயே போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையை இதற்குப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் வீடு கட்டுவதற்கு வந்தது.

விதிவிலக்கு தரும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு அதை அரசுக்குத்தான் தந்திருக்கிறது. பன்னிரண்டு ஆட்டுக்காகக் கோப்பு கோட்டை வரை போக வேண்டும். போனாலும் கிடைக்குமா? நியூயார்க்கில் 1916-இல் மண்டல விதி கொண்டுவந்தபோதே விலக்கு கேட்போருக்கு ஒரு மேல்முறையீட்டு வாரியமும் வைத்தார்கள். அங்கே இன்றுவரை கேட்கும் முக்கியமான கேள்வி, கஷ்டம் நிலத்தில் இருக்கிறதா, இல்லை நீங்களே உண்டாக்கிக்கொண்டதா என்பது. நம் ஊர் அதிகாரியும் ஏறக்குறைய அதைத்தான் கேட்பார்: "வேறு இடமே இல்லையா?"

உங்கள் படத்தில் இடம் இருக்கிறது. வடமேற்கு மூலை காலியாகக் கிடக்கிறது. பள்ளம், வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குத்தானே பரண்! தரையிலிருந்து 4 அடி உயரத்தில் தளம் அமைத்தால் அந்த மூலையும் மேடுதான். ஒரு பெரிய ஆட்டுக்கு 10 முதல் 12 சதுர அடி என்று வைத்தால் 10க்கு 15 அடி போதும். எல்லை இடைவெளி விட்டும் அங்கே அது அடங்கும். மேற்கே தெரு இருப்பதால் அந்தப் பக்கமும் இடைவெளி விட மறக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மேல் கோபப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது கிழக்கு வேலியில் இருக்கும் கொட்டகையின் வாடை நேரே அவர் அடுப்படிக்குத்தான் போகும். மனு ஊராட்சியோடு நிற்காமல் கோட்டாட்சியரிடம் போனால், தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவு போட நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் இடம் உண்டு (பழைய 133). அப்போது கொட்டகையோடு ஆடுகளும் போக வேண்டி வரலாம். பரணுக்குக் கீழே விழும் புழுக்கை நாளைக்கு ஆறேழு கிலோவுக்குக் குறையாது. தினமும் கூட்டிக் குழியில் போட்டு மண் மூடுங்கள், சிறுநீர் தேங்காமல் வாட்டம் கொடுங்கள். மக்கிய எருவுக்கு அத்திமரப்பட்டி வாழைக்காரர்கள் வண்டியோடு வருவார்கள்.

கூரைக்குத் தகரம் வேண்டாம். உப்புக்காற்றில் ஆணியும் தகரமும் சீக்கிரம் அரித்துவிடும். பனங்கையும் ஓலையும் நம் பக்கம் கிடைக்கிறதே.

மனை கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் உங்களுக்கு இது பொருந்தாது, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் மனை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையையும் பார்க்க வேண்டும். ஊராட்சி அனுமதி மட்டும் அங்கே போதாது.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். மனைப்பிரிவு வருவதற்கு முன்பே நம் வீட்டு முற்றங்களில் ஆடு இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆட்டுக்கான கொட்டகையை ஊராட்சி அளவிலேயே அனுமதிக்க எளிய வழி ஒன்று விதியில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

இப்போதைக்கு, நோட்டீசுக்கான பதிலில் "கிழக்கு வேலியில் போட்டதை நானே பிரித்து, வடமேற்கு மூலைக்கு மாற்றுகிறேன், வரைபடம் இணைத்துள்ளேன், அனுமதி தர வேண்டுகிறேன்" என்று எழுதுங்கள். வீட்டு அனுமதி நகல், பட்டா நகல், ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்ட கால்நடை மருந்தகச் சீட்டு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். அனுமதி கையில் வந்த பிறகு முதல் கால் ஊன்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதால் பதிலை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.