துப்பாக்கியில் தழைத்த மரம்

இரும்பு உழவன் கையிலே கொழுவாகும். போர்வீரன் கையிலே கொலைக்கருவியாகும். கொலைக்கருவியாய்ப் போனதை மீட்கவும் வழியுண்டோ என வினவுவோர்க்கு, லண்டன் மாநகரின் பிரித்தானிய நூதனசாலையிலுள்ள இரும்பு மரமொன்று விடை பகர்கின்றது.

ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடைபெற்றது. போர் ஓய்ந்த பின்னரும் துப்பாக்கிகள் வீடுகளில் மறைந்தும் மண்ணில் புதைந்தும் கிடந்தன. 1995 இல் அங்கிலிக்கன் அத்தியட்சர் டினிஸ் செங்குலானே ஒரு திட்டம் வகுத்தார். ஆயுதத்தை ஒப்படைத்தோர்க்குக் கலப்பை, துவிச்சக்கரவண்டி, தையல் இயந்திரம் முதலியன மாற்றாக வழங்கப்பட்டன.

பெற்ற ஆயுதங்களைத் துண்டுகளாக வெட்டினர். தலைநகர் மபூட்டோவின் சிற்பிகள் நால்வர் அத்துண்டுகளை ஒன்றோடொன்று உருக்கி ஒட்டி, 2004 இல் 3.5 மீற்றர் உயரமான ‘வாழ்வின் மரம்’ என்னும் சிற்பத்தை ஆக்கினர். அடிமரமும் கிளையும் இலையும் துப்பாக்கியின் உறுப்புகளே.

இங்கே கைவினையின் நுட்பமொன்று கருதத்தக்கது. இரும்பை முற்றாக உருக்கி அச்சில் வார்த்தால் பழைய உரு அழிந்துவிடும். ஒட்டும் முறையிலோ, தீப்பட்ட விளிம்புகள் மாத்திரமே உருகி ஒன்றாகின்றன. எஞ்சிய பகுதி தன் வடிவம் கெடாது நிற்கும். ஆதலின் அம்மரத்தைக் காண்போர் கிளையையும் காண்பர். அது முன்னர்த் துப்பாக்கிக் குழலாயிருந்ததையும் காண்பர்.

போரை மறந்தாலன்றி அமைதி வாராது என்பார் உளர். மபூட்டோவின் சிற்பிகளோ எதனையும் மறைக்கவில்லை. நடந்ததை யாவரும் காண நிறுத்தி, அதனையே மரமாக்கினர். மாணவர்கள் சிந்திக்க வேண்டிய பாடம் இதுவே.