தச்சனும் பல மரமும்

சென்ற ஆவணி முகூர்த்தமொன்றில், பொள்ளாச்சிச் சாலையிலுள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், மாப்பிள்ளை அழைப்புக்காகக் காத்து நின்ற பேண்டு செட்டின் நடுவே, சீருடையின் தோள்பட்டைச் சரிகை நைந்துபோன முதியவர் ஒருவர் ட்ரம்பெட்டை உதட்டில் பொருத்தி, முதலில் ஒரு விநாயகர் துதியையும், அது முடிந்த மூச்சோடு மூச்சாகப் பழைய சினிமாப் பாட்டொன்றையும், சிறுவன் ஒருவன் கேட்டான் என்பதற்காக அண்மையில் வந்த குத்துப் பாட்டையும் யாதொரு சிரமமுமின்றி வாசித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயில், மாரியம்மன் நோம்பி என்றால் அம்மன் சந்நிதி, இடையில் துக்க வீடுகள் என்று அவருடைய வாத்தியத்துக்கு ஓய்வில்லை என்பதைப் பக்கத்திலிருந்த தவில்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எண்பதைக் கடந்த என் மாமா வெற்றிலையை மென்றபடியே ஒரு தீர்ப்பு வழங்கினார். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான், மாப்ளே. ஒண்ணையே புடிச்சிருந்தா இந்தாளு எங்கியோ போயிருப்பாரு."

மாமாவிடம் எதிர்வாதம் செய்வது எங்கள் வீட்டு வழக்கமன்று. ஆகையால் மௌனமாக இருந்துவிட்டேன். ஆனால் பந்தியில் உட்கார்ந்தபோதும், பஸ்ஸில் ஊர் திரும்பியபோதும், பல மரங்களைக் கண்டு அவ்வளவையும் வெட்டிச் சாய்த்த ஒரு தச்சனுடைய ஞாபகமே என் மனத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அவர் பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். உலகத்துக்கு அவர் 'சிக் சாக்லேட்' என்ற ட்ரம்பெட் கலைஞர்.

கோவாவில் ஆல்டோனா என்ற கிராமத்தில் 1916-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். போர்ச்சுக்கீசியர் ஆட்சியிலிருந்த அந்நாட்டில் ஒவ்வொரு தேவாலயத்தோடும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே எழுத்தறிவோடு சுர ஞானமும் புகட்டப்பட்டது. நம் பிள்ளைகள் மணலில் அகரம் எழுதிய பருவத்திலேயே அவ்வூர்ப் பிள்ளைகள் ஐந்து கோடுகளின்மேல் சுரங்களை எழுதப் பழகினார்கள். அந்த வித்தையை மூலதனமாகக் கொண்டு பம்பாய்க்குப் பிழைக்கச் சென்றவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவராகச் சென்று, நாற்பதுகளில் தாஜ்மகால் ஹோட்டலில் பதினொரு பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்குத் தலைவரானார் வாஸ்.

அதே ஹோட்டலுக்கு 1935-இல் லியான் ஆபி என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தம் குழுவோடு வந்து ஜாஸ் சங்கீதத்தின் அசல் ருசியைப் பம்பாய்க்குக் காட்டியிருந்தார். நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருக்களில், பிரேத ஊர்வலத்துக்கும் பண்டிகைக்கும் ஒரே பேண்டு வாசித்த சூழ்நிலையில் பிறந்த சங்கீதம் அது. ட்ரம்பெட் மெட்டை ஏந்திச் செல்ல, கிளாரிநெட் அதன் மேலே கொடியைப்போல் சுற்றிப் படர, டிராம்போன் அடியில் நின்று தாங்கும். பிறகு ஒவ்வொருவராக முன்வந்து, எழுதி வைக்காத சுரங்களை அந்தந்தக் கணத்தின் மனோதர்மத்தால் சிருஷ்டித்துவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்புவார்கள். நிரவல் கேட்டுப் பழகிய நம் செவிக்கு இது அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை. ட்ரம்பெட்டிலும் இருப்பவை மூன்று விசைகள்தாம். மற்றதெல்லாம், நம் ஊர்க் கொம்பில் உள்ளதுபோலவே, ஊதுகிறவனுடைய உதடும் மூச்சும்.

வாஸ் அவர்களின் மானசீக குரு அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்டிராங். குருவின் வாசிப்பை மட்டுமல்ல, கரகரத்த குரலையும், கையில் கைக்குட்டையோடு மேடையில் நிற்கும் பாவனையையும்கூட அவர் சுவீகரித்துக்கொண்டார். 'இந்தியாவின் ஆம்ஸ்டிராங்' என்ற பட்டம் அவ்வாறே வந்தது. இதை வெறும் அனுகரணம் என்று இகழ்பவர்கள் உண்டு. குருவின் எதிரில் உட்கார்ந்து அவருடைய இருமல் உட்பட யாவற்றையும் கற்றுக்கொண்ட சீடர்களை மெச்சுகிற நாம், கடல் கடந்து வந்த இசைத்தட்டைக் குருவாகப் பாவித்தவரிடம் மட்டும் ஏன் கடுமை காட்டவேண்டும் என்பது எனக்கு விளங்குவதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வெள்ளையர் போயினர். பம்பாயில் மதுவிலக்கும் வந்தது. ஹோட்டல்களின் நடன மண்டபங்கள் களையிழந்தன. அதற்கு முன்பே ஜாஸ் கலைஞர்கள் பலர் பகலில் சினிமா ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்; இப்போது அதுவே பிரதான ஜீவனமாயிற்று. சி. ராம்சந்திரா என்ற மராட்டிய இசையமைப்பாளருக்கு வாஸ் வலக்கையானார். 'சமாதி' (1950) படத்தின் 'கோரே கோரே', 'அல்பேலா' (1951) படத்தின் 'ஷோலா ஜோ பட்கே' முதலிய பாட்டுக்களில் துள்ளுகிற தாளத்திலும், பளீரென்று பாயும் ட்ரம்பெட்டிலும் அவருடைய கைவண்ணம் உண்டு. 'அல்பேலா'வில் அவரும் அவர் குழுவினருமே திரையில் தோன்றி வாசிக்கிறார்கள். 'நாதான்', 'ரங்கீலி', 'கர் பலா' என்று மூன்று படங்களுக்குத் தாமே இசையமைத்துமிருக்கிறார். மதன் மோகனிடமும் பணியாற்றினார். இரவில் ஆம்ஸ்டிராங், பகலில் ஹிந்துஸ்தானி மெட்டு. இரண்டுக்கும் ஒரே மூச்சு.

இதெல்லாம் பம்பாய்க் கதை, நம் கோயம்புத்தூருக்கு என்ன சம்பந்தம் என்று வாசகர் கேட்கலாம். ராம்சந்திரா இசையமைப்பாளராக முதலடி வைத்ததே தமிழில்தான். 'ஜயக்கொடி', 'வனமோகினி' என்ற படங்களில். 'அல்பேலா' 1953-இல் 'நல்ல பிள்ளை'யாகத் தமிழ் பேசி வந்தது. நாமக்கல் கவிஞருடைய 'மலைக்கள்ளன்' நாவலை 1954-இல் படமாக்கிய நம் ஊர்ப் பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடு, அடுத்த ஆண்டே திலீப் குமாரையும் மீனா குமாரியையும் வைத்து அதை 'ஆசாத்' என்று ஹிந்தியில் எடுத்தபோது, அதற்கு இசையமைத்தவரும் அதே ராம்சந்திராதான். ஆக, பட்சிராஜா இருந்த புலியகுளத்துச் சாலைக்கும் தாஜ்மகால் ஹோட்டலின் நடன மண்டபத்துக்கும் நடுவே நாம் நினைப்பதுபோல் அத்தனை தூரமில்லை. பஞ்சாலைச் சங்கு ஊதியதும் கொட்டகைக்கு ஓடிய எங்கள் தகப்பன்மார் காலத்துத் தொழிலாளர், ஜாஸ் என்ற சொல்லையே கேள்விப்படாமல், அதன் தாளத்துக்குக் கால் தட்டியிருக்கிறார்கள்.

ஆயினும் அந்தச் சுரங்களுக்கு உரியவர் பெயரை எவரும் கேட்கவில்லை. இசையமைப்பாளர் ஹார்மோனியத்தோடு பாடிக் காட்டிய மெட்டைத் தாளில் எழுதி, வயலினுக்கு இது, கிளாரிநெட்டுக்கு இது என்று பகிர்ந்து, சரணங்களின் இடைவெளியை வாத்தியங்களால் நிரப்பும் பெரும் பணியைக் கோவாக் கலைஞர் பலர் செய்தார்கள். படத்தின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிட்டியது 'உதவி' என்ற ஒரு சொல். பல சமயம் அதுவுமில்லை. 1967-இல் வாஸ் காலமானபோது அவருக்கு வயது ஐம்பதைச் சற்றே கடந்திருந்தது.

நம் ஊரிலும் இத்தகைய கதையொன்று நடந்ததுண்டு. ஆனால் அதன் முடிவு வேறு. கோவையில் ஜூபிடர் நிறுவனத்தில் சிற்றாளாக இருந்த எம். எஸ். விசுவநாதன் என்ற இளைஞர் போட்ட மெட்டொன்று, 'அபிமன்யு' (1948) படத்தில் இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடுவின் பெயரிலேயே வெளிவந்தது. நிறுவனம் கோவையை விட்டுச் சென்னைக்குக் கிளம்பியபோது, அந்த மெட்டு இந்தப் பையனுடையது, இவனை உடன் அழைத்துப் போங்கள் என்று முதலாளியிடம் உண்மையை உடைத்துச் சொன்னவர் நாயுடுவேதான். விசுவநாதன் இதைத் தம் வாழ்நாள் முழுதும் நன்றியோடு சொல்லிவந்தார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆளிருந்தது கோவையின் பாக்கியம்.

மாமாவின் பழமொழியை இப்போது சற்றுத் திருத்தத் தோன்றுகிறது. பல மரம் கண்ட தச்சனும் மரம் வெட்டுகிறான். உத்திரமும் நிலையும் இழைத்து வீட்டையே எழுப்புகிறான். கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவன் பெயர் அச்சாவதில்லை என்பதால், அவன் வெட்டவேயில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இதை மாமாவிடம் சொல்லத் துணிவில்லாவிட்டாலும், அன்று மண்டபத்தை விட்டுக் கிளம்புமுன் ஒரு காரியம் செய்தேன். ட்ரம்பெட்டின் நீரை உதறித் துணியில் சுற்றிக்கொண்டிருந்த அப்பெரியவரிடம் சென்று, பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொல்லி, அவர் பெயரைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்பேரப் போட்டு என்னுங் ஆவுது? செட்டுப் பேரப் போடுங்கோ, நாலு கிராக்கி வரும்."