“கிடைச்சிடுச்சாம்மா?” என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஒத்தி வைப்போம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. உபயப் பட்டியலும் இல்லை, கோயில் கணக்கும் இல்லை. மேல்படிப்புக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. பொறுமையா வாசிங்க.

என் அக்கா மகள் சமூகவியலில் முனைவர் பட்டம் படிக்க அமெரிக்காவில் ஆறு பல்கலைக்கழகங்களுக்கு மனு போட்டிருக்கிறாள். (அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுறேன்.) மனு டிசம்பரில் முடிஞ்சது. பதில் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வரும். இடம் கிடைச்சவங்க எந்த இடத்துக்குப் போறோம்னு சொல்ல அநேக இடங்களில் ஏப்ரல் 15 வரை தவணை. ஆக, தைப்பூசம், மாசி மகம் எல்லாம் இந்தக் காத்திருப்புக்குள்ளேயே வந்து போயிடுது.

கோயிலுக்கு வந்தா பத்துப் பேர் கேட்கிறோம். “என்னம்மா, கிடைச்சிடுச்சா?” அன்பாத்தான் கேட்கிறோம், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்துத் தடவை “இன்னும் இல்லை ஆன்ட்டி” என்று சொல்லிப் பாருங்க. இப்போ அவள் வெள்ளிக்கிழமை வருவதையே குறைச்சிட்டாள். சாமி கும்பிட ஒரு பிள்ளை தயங்குதுன்னா அது நம்ம நிர்வாகம், தொண்டர்கள், பக்தர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டிய விஷயம்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். “சமூகவியலா? அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” டாக்டர், லாயர்னா இந்தக் கேள்வி வராது. நான் எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சவன், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். 1950-களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் நடந்தது நம்ம பெரியவங்களுக்குத் தெரியும். அதனால்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். அதுக்கப்புறமும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியா மாறிடுச்சு. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடியில் எப்படி வாழ்ந்தாங்க? தோட்டத்துக் கோயில் போன பிறகு யார் யாரோட சேர்ந்தாங்க, யார் தனியாப் போனாங்க? இதைத்தான் அவள் ஆராயப் போறாள். நம்ம கதையை யாரோ வெளிநாட்டுக்காரர் வந்து எழுதணும்னு காத்திருக்கிறதைவிட, லயத்தில் பிறந்தவங்களோட பேத்தி எழுதினா நல்லதுதானே?

மனு போடுவது சும்மா பாரம் நிரப்புற வேலை இல்லை. எதை ஏன் ஆராயப் போறேன்னு ஒரு கட்டுரை, முன்பு எழுதிய ஆய்வு ஒன்று, மூணு பேராசிரியர்களோட பரிந்துரைக் கடிதம், ஆங்கிலத் தேர்வு. இதில் கடிதம்தான் தலைவலி. அது அவள் கையில் இல்லை, பேராசிரியர் மறக்காம அனுப்பணும். கட்டணம் ஓர் இடத்துக்கு 75 டாலர், 100 டாலர், சில இடத்தில் அதற்கும் மேலே. பல பல்கலைக்கழகங்களில் கட்டண விலக்கு உண்டு, ஆனா கேட்டாத்தான் கிடைக்கும். பெற்றோருக்கு ஒரு ஆறுதல்: அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தா பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணி, மாதச் செலவுக்கும் பணம் தருவாங்க. முதுகலை அப்படி இல்லை. அதனால வீட்டை அடகு வைக்கிற பேச்சை எடுக்கிறதுக்கு முன்னால எந்தப் படிப்புன்னு கேளுங்க.

இன்னொன்று, தூக்கம். இங்கே இராத்திரி பத்து மணின்னா நியூயார்க்கில் காலை ஒன்பது. அங்கே ஆபீஸ் நடக்கிற நேரம் முழுக்க நமக்கு நடுச்சாமம். பிள்ளை விடிய விடிய மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்குது. நான் இருபது வருஷத்துக்கு மேல நைட் ஷிப்ட் பார்த்தவன், தூக்கம் கெட்டா உடம்பு என்ன ஆகும்னு எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இராத்திரி கைப்பேசியை ஹாலில் வைக்கச் சொல்லுங்க. மூணு மணிக்கு வந்த பதில் காலை ஏழு மணிக்கும் அதே பதில்தான்.

சரி, கிடைக்கலைன்னா? எங்க தொழிற்சாலையில் ஒரு பொருளை ரிஜெக்ட் பண்ணினா சிவப்பு டேக் ஒட்டி, என்ன குறைன்னு எழுதியே ஆகணும். பல்கலைக்கழகம் பெரும்பாலும் அப்படி எழுதாது. “வருந்துகிறோம்” என்று நாலு வரி, அவ்வளவுதான். குறை பிள்ளையிடம்தான்னு நாமளா முடிவு கட்டிடக் கூடாது. பல துறைகள் ஒரு வருஷத்துக்கு எடுக்கிறதே பத்துப் பேர் அளவுக்குத்தான். அந்தத் தலைப்பை வழிநடத்துற பேராசிரியர் விடுப்பில் போயிருக்கலாம், பணம் குறைஞ்சிருக்கலாம். போஸ்டன் பல்கலைக்கழகம் 2024 நவம்பரில், சமூகவியல் உட்பட பல துறைகளில் அடுத்த ஆண்டு முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்கப் போவதில்லைன்னே அறிவிச்சது. அதுக்கு மனு போட நினைச்ச பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?

நேர்த்திக்கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரும் கோபப்படாதீங்க. அர்ச்சனை பண்ணுங்க, விளக்கு போடுங்க, நானே பண்றேன். ஆனா “இடம் கிடைச்சா அவள் பால்குடம் எடுப்பாள்” என்று அவளைக் கேட்காமலே அம்மா, அத்தை, பாட்டி ஆளுக்கொன்று நேர்ந்துக்கிறாங்க. ஏற்கெனவே ஆறு மனுவோட பாரம், அதுக்கு மேல மூணு வேண்டுதலோட பாரமா? வேண்டிக்கிறவங்க உங்க பேர்ல வேண்டிக்கோங்க, நீங்களே எடுங்க.

வீட்டில் இருக்கிறவங்க சாப்பாடு, தூக்கத்தைக் கவனிங்க. இந்த வருஷம் அமையலைன்னா உள்ளூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சமூகவியல் துறை இருக்கு, அடுத்த வருஷமும் மனு போடலாம். இதை இப்பவே, பதில் வரும் முன்னாலேயே, சாதாரணமாப் பேசி வைங்க. இரண்டு வாரத்துக்கு மேல சரியாச் சாப்பிடாம, தூங்காம, யாரோடும் பேசாம இருந்தா அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. பெஃப்ரெண்டர்ஸ் 03-76272929 எண்ணில் 24 மணி நேரமும் மனம்விட்டுப் பேசலாம். திருநீறு பூசினா மட்டும் போதும்னு விட்டுடாதீங்க.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அன்னதானச் சமையலுக்கு ஆள் வேணும். வெங்காயம் உரிக்க அவளும் வர்றேன்னு சொல்லியிருக்காள். சாம்பாரைப் பற்றிப் பேசுங்க, சினிமாவைப் பற்றிப் பேசுங்க. பதில் வந்தா அவளே சொல்லுவாள்.