பொம்பளைங்க சமாச்சாரம்

தாய்மார்களுக்குப் பால் கட்டிக்கொள்வதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போன வாரம் கடற்கரையில் நடக்கும்போது நண்பர் ஒருவரிடம் சொன்னேன். காந்தி சிலை வரைக்கும் பேசாமலே வந்தார். அப்புறம், "ஏம்ப்பா, எழுபத்துநாலு வயசுல உனக்கு எழுத வேற விஷயமே கிடைக்கலியா? அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்றார். தன்னுடைய மூட்டுவலி, சர்க்கரை, மூத்திரத் தொந்தரவு எல்லாவற்றையும் அதே கடற்கரையில் ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவர்தான். அவருக்குச் சொல்லும் பதிலாகவே இதை வைத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

என் மகள் இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பிள்ளை பிறந்த இருபதாம் நாள் காலையில் வலது மார்பில் ஒரு பக்கம் கல் மாதிரி இறுகிவிட்டது, தொட முடியவில்லை என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். மதியத்துக்குள் அந்த இடம் சிவந்துவிட்டது. சாயங்காலம் குளிர்காய்ச்சல். பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த யோசனைகளை எண்ணிப் பார்த்தேன் (குமாஸ்தா புத்தி, எதையும் கணக்கெடுக்கும்). ஒன்பது. கெட்டுப்போன பால், பிள்ளைக்குக் கொடுக்காதே, பீய்ச்சிக் கொட்டிவிடு என்றார் ஒருவர். பச்சை உடம்புக்காரி தண்ணீரை மடக் மடக்கென்று குடித்ததால் வந்தது என்றார் இன்னொருவர். கண் திருஷ்டி, மிளகாய் சுற்றிப் போடு. கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் கொடு. பால்சுறா வாங்கிப் புட்டு செய்து போடு. பால் மிஞ்சிப்போய் நெறி கட்டியிருப்பவளுக்குப் பால் ஊறுவதற்கு வைத்தியம்! மாடிவீட்டம்மா மல்லிகைப் பூவோடு வந்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: "டப்பா பாலைக் கரைச்சுக் குடு, ரெண்டு நாள் அவ நிம்மதியா தூங்கட்டும்."

குழந்தையைக் குளிப்பாட்ட வரும் ஆயா எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போனார். கட்டியை உருட்டி உடைத்தால் சரியாகிவிடும் என்றார். நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் போட்ட சத்தத்தில் தொட்டிலில் இருந்த குழந்தை விழித்து அழுதது. அப்போது என் மனைவி எழுந்து போய் ஆயாவின் மணிக்கட்டைப் பிடித்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். "விடு ஆயா. என்னை அமுக்கினதே போதும்" என்றாள்.

அந்தச் சொல் ஆயாவுக்கு இல்லை, கூடத்தில் இருந்த எனக்கு.

1981இல் எங்கள் மூத்த பையன் பிறந்தபோது என் மனைவிக்கு இதே மாதிரி ஆயிற்று. ஒத்தடம் போட்டுத் தோல் கொப்பளித்தது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் பிசைந்தார். பிள்ளையைப் பிரித்து வேறு அறையில் போட்டார்கள். என் தாயார் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்ற வீடு. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைகடையாக அலைந்து, தெரிந்தவரைப் பிடித்து, ஒரு பால் டின் வாங்கி வந்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட பெருமையோடு! ஒன்பதாம் நாள் கட்டி பழுத்துச் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். தழும்பு இன்றும் இருக்கிறது. பால் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் உறவு வீடுகளில் அவளுக்கு "பால் இல்லாதவ" என்று பெயர். பால் அவளிடம் இல்லாமல் போகவில்லை. நாங்கள் எல்லோரும் கூடி நிறுத்தினோம். எங்களுக்கு ஒரு பெயரும் இல்லை.

மறுநாள் காலையில் மகளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். நானும் உள்ளே போனேன். அந்த அம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மரம் வரைந்து காட்டினார். மார்பில் பால் வரும் வழி பெரிய குழாய் கிடையாது, மரத்தின் சிறு கிளைகள் மாதிரி நுண்ணிய பின்னல். நாம் "அடைப்பு" என்றதும் நம்ம ஊர்ப் பெரிய வாய்க்காலில் குப்பை சேர்ந்து நிற்பதை நினைத்துக்கொள்கிறோம். குத்தினால், அழுத்தினால் திறந்துகொள்ளும் என்று கணக்குப் போடுகிறோம். பெரும்பாலும் உள்ளே அடைத்துக்கொண்டு நிற்பது எதுவும் இல்லையாம். சுற்றியுள்ள சதை வீங்குகிறது, அந்த வீக்கம் நுண்ணிய குழல்களை வெளியிலிருந்து நெருக்குகிறது. அதை இன்னும் அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும், உள்சதை காயப்படும், கட்டியில் போய் முடியும். என் மனைவி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்து நான்கு வருஷம் கழித்து அவளுக்குக் காரணம் சொன்னார்கள்.

அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்று தாய்ப்பால் மருத்துவத்துக்கென்றே ஒரு சர்வதேச மருத்துவர் அமைப்பு இருக்கிறது. 2022இல் அவர்கள் வெளியிட்ட நெறிமுறையும் இதையேதான் சொல்கிறது. பிள்ளை கேட்கும்போது எப்போதும் போல் கொடு. அந்தப் பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. பலமாகத் தேய்க்காதே. சூட்டை விடக் குளிர்ச்சியே நல்லது. துணியில் சுற்றிய ஐஸ் வை. வீக்கத்துக்கும் வலிக்கும் டாக்டர் சொல்லும் மாத்திரையைப் போடு, ஓய்வெடு. காலி செய்கிறேன் என்று பம்பு வைத்துக் கறந்துகொண்டே இருக்காதே. எவ்வளவு எடுக்கிறாயோ அவ்வளவுக்கு உடம்பு மேலும் சுரக்கும். ஒரு நாளைக்கு மேல் காய்ச்சலும் வலியும் இறங்காவிட்டால், சிவப்பு பரவினால், டாக்டரிடம் ஓடு. கிருமி சேர்ந்திருந்தால் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. நான் வைத்தியன் இல்லை. ஆனால் அந்த ஒன்பது பேரும் வைத்தியர்கள் இல்லையே!

மல்லிகைப் பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது வெறும் மூடநம்பிக்கை இல்லை, உண்மையாகவே வேலை செய்யும். அதுதான் ஆபத்து. பூவை வைத்துக் கட்டினால் பால் சுரப்பு குறையும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1980களில் அதைப் பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, மாத்திரைக்கு ஈடாக வேலை செய்கிறது என்று கண்டார்கள். என் பாட்டிக்கு அது தெரிந்திருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத்தான் அவள் மல்லிகை கட்டுவாள். தொட்டிலில் பிள்ளை அழும்போது தாய்க்குக் கொண்டுவந்து கட்டமாட்டாள். நாம் பாட்டியின் பூவை வைத்துக்கொண்டோம், அவள் புத்தியைத் தொலைத்துவிட்டோம்.

பிரெஞ்சில் கைக்குழந்தைக்கு நூரிஸோன் என்று ஒரு சொல் உண்டு. பால் குடித்து வளர்கிறது என்பதே அதன் பொருள். வயதைச் சொல்லாமல் அது பிழைக்கும் வழியைச் சொல்கிற பெயர். சொல் மட்டும் அழகு. அந்த நாட்டில் வசதியுள்ளவர்கள் பிள்ளையைக் கிராமத்துச் செவிலிக்குக் கூலி பேசி அனுப்பி வைத்த காலம் நெடுங்காலம் இருந்தது. அதை எதிர்த்து, தாய்தான் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று 1762இல் 'எமில்' நூலில் வாதாடினார் ரூசோ. எங்கள் கொலேழில் அவரை ஏகப்பட்ட மரியாதையோடு படித்தோம். தனக்குப் பிறந்த ஐந்து பிள்ளைகளையும் அவர் அநாதை விடுதியில் விட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவரே எழுதிவைத்திருக்கிறார். ஊருக்கு உபதேசம் செய்ய ஆண்பிள்ளைகள் எப்போதும் தயார். இதை எழுதுகிற என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏன் என்று கேளுங்கள்.

நான் பணியாளர் பிரிவில் குமாஸ்தா. விடுப்புக் கோப்புகள் என் மேஜையில்தான் தொடங்கும். 1986 என்று நினைவு. எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்த ஓர் அம்மாள் பேறுகால விடுப்பு முடிந்து திரும்பினார். அப்போது மொத்தம் 90 நாள்தான். வீட்டில் கைக்குழந்தை. அவருடைய தாயார் பகலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவரை வருவார், அதற்கு மதிய இடைவேளையோடு அரைமணி நேரம் கூட்டித் தர வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார். அரைமணி நேரம், அவ்வளவுதான். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். "விதிகளில் இடமில்லை" என்று குறிப்பு எழுதினேன். மேலே இருந்தவர் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் ஒரு நாளைக்கு இரண்டு முறை அலுவலகக் கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டுவார் என்று பெண் ஊழியர்கள் பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. நாங்கள் பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தோம். சில வாரத்தில் அவருக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. பதினொரு நாள் மருத்துவ விடுப்பு. திரும்பி வந்தவரிடம் உடல்தகுதிச் சான்று எங்கே என்று மெமோ கொடுத்தவன் நான்.

விதியில் இடமில்லை என்று எழுதியது பொய் இல்லை. ஆனால் 1961ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்தில், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, பால் கொடுப்பதற்காகத் தினம் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று இருந்தது எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துத் தாய்க்கும் ஆலைத் தொழிலாளிக்கும் கொடுத்த உரிமை. அதைக் காட்டி, "கருணையோடு பரிசீலிக்கலாம்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். வேறு எத்தனையோ பேருக்கு, எதெதற்கோ, அந்த வரியை நான் எழுதியிருக்கிறேன். அதிகாரியின் மைத்துனருக்கு எழுதியிருக்கிறேன். இந்த அம்மாளுக்கு எழுதவில்லை. காரணம், விஷயத்தைக் கோப்பில் எழுத எனக்குக் கூச்சம். பொம்பளைங்க சமாச்சாரம்.

90 நாள் 1997இல் 135 ஆயிற்று, 2008இல் 180. இரண்டு சுற்றறிக்கைகளும் என் கையால்தான் சுற்றுக்குப் போயின. தனியார் இடங்களிலும் 2017 முதல் 26 வாரம்; ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும். பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக்கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் போடக்கூடாது, தாய்மாருக்கு இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்று 1992லேயே சட்டம் வந்துவிட்டது. நல்லதுதான். விளம்பரத்தைத் தடுத்துவிடலாம். பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே "டப்பா பாலைக் குடு" என்கிற அத்தையை எந்தச் சட்டம் தடுக்கும்? முடியாத தாய்க்கு டப்பா பால் இருக்கட்டும்; அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, என் பையனே அதில்தான் வளர்ந்தான். முடிகிறவளை முடியாதவளாக்குகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் தாத்தாக்கள். உங்கள் வீட்டுக்கும் ஒரு பெண் பிரசவத்துக்கு வருவாள். அவளுக்குப் பால் கட்டிக்கொண்டால் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். யோசனை கொண்டுவருகிறவர்களுக்கு மோர் கொடுத்து அப்படியே அனுப்பிவிடுங்கள். ஐஸ் வாங்கி வாருங்கள். மூத்த பிள்ளையைப் பார்க்குக்குக் கூட்டிப் போங்கள், அவள் படுத்திருக்கட்டும். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இதில் எதற்கும் கூச்சப்பட என்ன இருக்கிறது?

மகளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, ஐந்தாம் நாள் கட்டி இளகிவிட்டது. ஆயா இப்போதும் வருகிறார், குழந்தையைக் குளிப்பாட்டுவதோடு சரி. மாடிவீட்டம்மாவின் மல்லிகையைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டோம். நாளைக் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் காந்தி சிலைப் பக்கம் இருப்பேன். இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று இன்னும் சொல்ல விரும்புகிறவர்கள் அங்கே வந்து என்னிடம் சொல்லலாம்.